பன்னிரண்டு இஞ்ச் பயம்

“ஏலே தங்கப்பழம், மூத்தவ கல்யாணத்துல நீ கொண்டாந்த பொட்டிக்குச் சத்தமே பத்தலையேலே!”

பருத்தி மில் முதலாளி சண்முகையா இதைச் சொன்னபோது தங்கப்பழம் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது. முதலாளி குரலை உயர்த்தவில்லை. அவர் மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து என்பது, சங்கரன்கோவிலில் அந்த மில்லுக்குப் பருத்தி ஏற்றி வரும் வண்டிமாடுகளுக்குக்கூடத் தெரியும்.

பகலில் தங்கப்பழம் மில்லில் எடை எழுதும் குமாஸ்தா. கல்யாண நாட்களில் ஊர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். நாலு தடிக்கம்பி, ஒரு ஸ்பீக்கர் பெட்டி, பாட்டுக்கு அடியில் ‘தும் தும்’ என்று ஓடும் ஒரு சத்தம். எட்டு வருடமாக அதை ஒருவரும் கவனித்ததில்லை. முதன்முதலாகக் கவனித்த ஆள் முதலாளியாகப் போய்விட்டார்.

“கரண்டு கம்மி மொதலாளி...”

“பொட்டி என்னமோ பீரோ கணக்கா நின்னுச்சு. போட்டோல மாப்பிள்ளையைக் காணும், உன் பொட்டிதான் நிக்கி. சத்தம் எங்கலே?” முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். “வைகாசியில ரெண்டாமவளுக்குச் சிவகிரி வீட்டுல வச்சுக் கல்யாணம். பொட்டி சின்னதா இருக்கணும். சத்தம் பந்தலைத் தூக்கணும். பத்தலைன்னு வையி, மறுநா நீ மில்லுப் பக்கம் வர வேண்டாம்.”

கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, கனமும் இருக்கக்கூடாது. பழைய பெட்டி தேக்கு. தூக்க ரெண்டு ஆள் வேண்டும். மறுமுனையைத் தூக்கி வந்த டிரம்ஸ்காரனுக்குப் போன மாதம்தான் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. சிவகிரி பஸ் கண்டக்டரோ, அந்தப் பெட்டி தூரத்தில் வருவதைப் பார்த்தாலே விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பிவிடுவார்.

தேரடிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மைதீன் பாட்சா முழுக்கதையையும் கேட்டார்.

“சின்னதா இருக்கணும், கனம் இருக்கக்கூடாது, சத்தமும் பெருசா வேணும். அப்படி ஒண்ணு இருக்குவே.”

“எங்க அண்ணாச்சி கிடைக்கும்?”

“பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில. ஒரு மாசக் கைப்பிள்ளை.”

தங்கப்பழத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்சா எழுந்து, இருக்கிற பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். கிட்டாரைச் சொருகி அடித்தால், உள்ளே ஒரு தவளை மாட்டிக்கொண்டு தவிப்பது போலிருந்தது. அடுத்து, கோயில் கொடைக்குக் கட்டும் ஹாரன். சத்தம் ஊரைக் கூட்டியது. ஆனால் ‘தும்’ என்று அடித்தால் ‘மே’ என்றது.

“இதைக் கொண்டுபோனீருன்னா சமையக்காரன் கத்தியத் தூக்கிட்டு மேடைக்கு வந்துருவான்வே” என்றார் பாட்சா.

மூன்றாவது, பதினைந்து இஞ்ச். சத்தம் பிரமாதம். தூக்கிப் பார்த்தபோது தங்கப்பழத்தின் இடுப்பிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது.

கடைசியில் பன்னிரண்டு இஞ்ச் என்று முடிவாயிற்று. தேக்கு வேண்டாம், மெல்லிய ப்ளைவுட். இடுப்பில் குடம் வைப்பது மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். மூன்றே நாளில் பெட்டி தயார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்துப் பார்த்தான். காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டியதுபோல் ‘தொங்’ என்றது. அப்படியே தூக்கிக்கொண்டு பாட்சாவிடம் ஓடினான்.

“சின்னப் பொட்டிக்குள்ள காத்து முட்டுது. உள்ள பஞ்சு வச்சு அடையும்வே. பொட்டி பெருசுன்னு ஸ்பீக்கர் ஏமாந்துரும்.”

மில்லில் பஞ்சு மலையாகக் கிடந்தது. அதில் ஒரு பிடி எடுத்து மடியில் வைத்தால் போதும். ஆனால் வாட்ச்மேன் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறவன் என்ற நினைப்பே தங்கப்பழத்துக்கு வேர்வையைக் கொண்டுவந்தது. நேரே வீட்டுக்கு வந்தான்.

சாயங்காலம் அவன் மனைவி செண்பகவல்லி கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“எங்கம்மா தந்த தலவாணிய எங்கங்க?”

தங்கப்பழம் பெட்டியைக் கைகாட்டினான். அவள் வாயைத் திறக்கும் முன்னால் கம்பியைத் தட்டினான்.

அடுக்களையில் ஈயப்போசி உருண்டது. காலண்டர் ஆணியோடு கழன்றது. மோட்டுவளையிலிருந்து ஒரு பல்லி தொப்பென்று விழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தது. அப்படி ஒரு சத்தம்! தங்கப்பழத்துக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது.

“என்னங்க...” செண்பகவல்லி காலை மடக்கிக் கட்டில்மேல் ஏறிக்கொண்டாள். “அது என்னையப் பாத்து வருது!”

பெட்டி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை. கனம் இல்லாத பெட்டி, தன் சத்தத்துக்குத் தானே நடுங்கி நகர்ந்தது. மேடையில் இப்படி நகர்ந்து முதலாளி தலைமேல் விழுந்தால்? மறுநாள் மறுபடியும் பாட்சாவிடம் போனான்.

“உள்ள நாலு செங்கல் வையும்” என்றார் பாட்சா.

“கனமாகிருமே அண்ணாச்சி! பஸ்ல ஏத்த மாட்டான்.”

“அப்ப மேடையில ஏதாவது தூணோட சேத்துக் கட்டும்வே. மாட்டைக் கட்டுதோம், பொட்டியக் கட்ட முடியாதா?”

கல்யாணத்தன்று குழுவினர் முதல் பஸ்ஸில் சிவகிரி போய்ச் சேர்ந்தார்கள். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தும் விசில் ஊதவில்லை; அதுவே நல்ல சகுனம் என்று தங்கப்பழம் நினைத்துக்கொண்டான். மேடையில் ஒரே ஒரு தூண்தான் இருந்தது. அது பந்தலின் நடுக்கால். நயம் கயிறாக வாங்கி, பெட்டியை அதோடு இறுக்கிக் கட்டினான்.

முகூர்த்தம் முடிந்து பத்து மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. முதல் பாட்டுக்கு முதல் ‘தும்’.

பந்தல் சிலிர்த்தது.

பெட்டி நகரவில்லை. அதற்குப் பதிலாகப் பந்தல் ஆடியது. தோரணத்து மாவிலைகள் பந்தியில் உட்கார்ந்தவர்களின் இலையில் உதிர்ந்தன. சீரியல் பல்புகள் ஊஞ்சலாடின. பாடகி வாயைத் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை.

முன்வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த முகம். அவள் முதலாளியின் காதருகே சாய்ந்து என்னவோ சொன்னாள். முதலாளி காதில் கையை வைத்துக் கேட்டார். பிறகு மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

‘சம்பந்தியம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டா’ என்று தங்கப்பழத்துக்குத் தோன்றியது. வால்யூமைப் பாதியாகக் குறைத்தான்.

அவ்வளவுதான், முதலாளி துள்ளி எழுந்தார். மீசை துடித்தது. கையை மறுபடி மறுபடி மேலே உயர்த்தினார். தங்கப்பழம் ஒரு நிமிடம் அந்தக் கை தன் கன்னத்துக்குத்தான் வருகிறது என்று நினைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு வால்யூமைக் கடைசி வரை திருகிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் அரைக்கண்ணால்தான் பார்த்தான். நடுக்கால் விறுவிறுவென்று ஆடியது. பன்னீர்ச் செம்பு மேஜையிலிருந்து குதித்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மூக்குக்கு இறங்கியது. சம்பந்தியம்மா மறுபடியும் சாய்ந்து கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது தடவையும் கத்தினாள். முதலாளி காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். கடைசியில் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சம்பந்தம் முறிந்தது என்றே தங்கப்பழம் முடிவு செய்தான். மில் வேலை போகட்டும், ஊருக்கு உயிரோடு போனால் போதும். கச்சேரி முடிந்ததும் இறுகிய கயிற்று முடிச்சு விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் கார் டிரைவர் இசக்கிப்பாண்டி வந்து நின்றான்.

“மொதலாளி உம்மக் கூப்பிடுதாக.”

தங்கப்பழம் அவன் பின்னால் நடந்தான். முதலாளி கொல்லைப்பக்கம் தனியாக நின்றிருந்தார். இவனைப் பார்த்ததும் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றினார். அந்த மாலையாலேயே தன்னைக் கட்டிப்போடப் போகிறாரோ என்று தங்கப்பழம் ஒரு எட்டு பின்வாங்கினான். மாலை அவன் கழுத்தில் விழுந்தது.

“இன்னொருத்தி இருக்காலே எனக்கு. அவ கல்யாணத்துக்கும் நீதான், இதே பொட்டிதான்.” முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தங்கப்பழம் மாலையோடு இசக்கிப்பாண்டி பக்கம் திரும்பினான்.

“மொதலாளிக்குப் பேஸ் கிட்டார்னா இம்புட்டு உசுரா, இசக்கி?”

இசக்கிப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“நீரு வேற! மூத்தவ கல்யாணத்துல சத்தம் பத்தாமத்தான், அந்தச் சம்பந்தியம்மா மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கேட்டது மொதலாளி காதுல விழுந்து தொலைச்சுட்டு. இன்னைக்கு இந்தம்மா மூணு தடவை கார் கேட்டிருக்கா, உம்ம பொட்டி புண்ணியத்துல ஒரு எழுத்துக்கூட விழலைவே!”