வாங்காவின் மகன்

என் வாழ்நாளில் அப்பா பெயரை நான் மாற்றிச் சொன்னது ஒரே ஒரு முறைதான். அதையும் துப்பாக்கி வைத்திருந்தவரிடம் சொன்னேன்.

அப்போது பிஜியில், லௌடோகா பக்கம் நடபுவாவில் இருந்தோம். நான் ஒரு ஆபீசில் கிளார்க். (வீட்டில் பேச்சு பிஜி இந்தி, சண்டை மட்டும் தமிழ். அதனால் என் தமிழ் கெடவே இல்லை.) எனக்கிருந்த ஒரே பைத்தியம் பிரிட்டிஷ் ராணுவ மெடல்கள். யார் யாரோ பர்மாவிலும் மலாயாவிலும் சண்டை போட்டு வாங்கியதை நான் பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். என் அப்பா கரும்பு வெட்டினார். அதற்கு எந்த ராஜாவும் மெடல் கொடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் பூதக்கண்ணாடியோடு மனைவி சரோஜாவுக்கு வகுப்பு எடுப்பேன். "மலாயா மெடலுக்கு உசிரே விளிம்புதான். சிப்பாய் பேரு அங்கதான் வெட்டியிருக்கும்."

ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சண்டைக்குப் போகாத இந்தியக் கூட்டத்துக்கு இங்கே என்ன வேலை என்று பஸ்ஸில்கூடக் கேட்டார்கள். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள் நாங்கள். பிரிஸ்பேனுக்குக் கிளம்பினோம்.

பெட்டியில் எடை கூடிவிட்டது. சரோஜாவின் தையல் மிஷினா, என் டின்னா என்று வந்தது.

"இந்தத் தகரமா நமக்குச் சோறு போட்டுது? மிஷினுதானே போட்டுது?" என்றாள்.

நான் சரித்திரம், பாரம்பரியம் என்றெல்லாம் பேசி மிஷினைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வைத்தேன்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், சவேனி அருகே டாக்சியை நிறுத்தினார்கள். டின்னைத் திறந்த சிப்பாய்க்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"இதெல்லாம் யாருது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஆசைக்குச் சேர்த்தேன் என்றிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பஸ்ஸில் கேட்டது மனதில் குத்திக்கொண்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, "என் அப்பாவுது சார். மலாயாவுல சண்டை போட்டாரு" என்றேன்.

அவர் மலாயா மெடலை எடுத்து விளிம்பைத் திருப்பினார். சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உன் அப்பா பேரு வாங்காவா?"

வாங்கா என்பது பிஜி பூர்வகுடிப் பெயர். அந்தப் பெயர்கொண்ட ஒரு கிழச் சிப்பாய்க்கு, அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு கொடுத்து நான் தட்டிக்கொண்டு வந்த மெடல் அது.

"ஆமா சார், அம்மா வழியில..." என்று ஆரம்பித்தேன். (அப்பா எப்படி அம்மா வழியில் வருவார் என்று என்னைக் கேட்காதீர்கள்.) சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அவர் டின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்பா சொத்து அப்பா கிராமத்துக்குத்தான் போகணும். நீ போகலாம்."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றியபோது, "என் மிஷினு வந்திருக்கும்" என்றாள் சரோஜா.

இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் ஒரு வரிதான். நான் உள்ளே நுழைந்தால் போதும், "வாங்க, வாங்கா!" என்று கத்துவார்கள். என்னைப் போகச் சொன்ன நாட்டில் எனக்குக் கிடைத்த பெயர் அது. வீடே சிரிக்கும், சரோஜா மட்டும் சிரிக்க மாட்டாள். இங்கே வந்தபின் அவளுக்கு இரண்டு மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் துணி போட்டு மூடியே வைத்திருக்கிறாள்.