பொறுமைக்கு ஓர் அலகு

பொறுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவளுக்குப் பொறுமை அதிகம் இருக்கும் என்று நம்புகிறவர்கள், எங்கள் வீட்டில் ஒரு காலைப்பொழுது தங்கிப் பார்க்கலாம். (டிபன் உண்டு. திட்டும் உண்டு.)

தொண்ணூறுகளின் கடைசி. புனேயில் எம்.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேடு மட்டும் பாக்கி. “இதுல நல்ல மார்க் வரலைன்னா, மேல படிக்கிற பேச்சே வேணாம். பேசாம கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேரு” என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கோ டாக்டர் பட்டக் கனவு.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளக்க வேண்டுமானால், முதலில் அதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரையறுக்க வேண்டும் என்பார் என் வழிகாட்டி மேடம். நானும் வரையறுத்தேன். ஒருவரைத் தனி அறையில் உட்காரவைத்து, “இதோ கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமலே இருப்பது. அவர் பொறுக்காமல் எழுந்து வரும்வரை ஆகும் நேரம்தான் அவருடைய பொறுமை! பெரிய பரிசு வாங்க எந்தப் புடவை கட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

முதலில் மாட்டியவர் செல்வராஜ் மாமா. புனேயின் கட்கி பகுதியில் எங்கள் பக்கத்து வீடு. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரைக் கல்லூரிக்கு அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டு, ஸ்டாப்வாட்சோடு கதவுக்கு வெளியே நின்றேன்.

மாமா வரவில்லை. மேடம் வந்து பார்த்தார், வகுப்பெடுக்கப் போனார், திரும்பியும் வந்துவிட்டார். கேன்டீனில் வடாபாவ் தீர்ந்தது. எனக்குக் கால் கடுத்தது, வயிறு கத்தியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

“மாமா! எழுந்து வந்து தொலைங்களேன்!”

மாமா திடுக்கிட்டுக் கண் விழித்தார். “என்ன உமா, கூப்பிட்டா வரமாட்டேனா? வீட்ல காலையிலேர்ந்து கரன்ட் இல்ல. இங்க ஃபேன் ஜம்முனு சுத்துது, அசந்துட்டேன்.”

என் டாக்டர் பட்டம் அந்த ஃபேனோடு சேர்ந்து சுற்றியது. அழுகையே வந்துவிட்டது. மேடம் ஸ்டாப்வாட்சை வாங்கி நிறுத்தி, இந்தியில் சொன்னார்: “அரே, ஏன் அழறே? பொறுமையை அளந்துட்டே. அவரோடது இல்ல, உன்னோடது!”

அது போதுமாக இருந்தது. நாற்காலியில் இருப்பதெல்லாம் பொறுமை ஆகாது, தூக்கமாகவும் இருக்கலாம் என்று தொடங்கி, என்னையே உதாரணமாக வைத்து, அளவுகோல் எங்கே சறுக்குகிறது என்று ஆய்வேட்டைத் திருப்பி எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு! அப்பா தெரு முழுக்கப் பேடா கொடுத்தார். கம்ப்யூட்டர் கிளாஸ் பிழைத்தது, நானும் டாக்டரானேன்.

மாமா சும்மா இருப்பாரா? ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அன்று ஸ்டாப்வாட்ச் காட்டிய நேரத்துக்கு எங்கள் குடும்பத்தில் ‘ஒரு உமா’ என்று பெயர். “அரை உமா ஆச்சு, பஸ்ஸைக் காணோம்” என்பார் அப்பா. குளியலறைக் கதவைத் தட்டி, “அம்மா, கால் உமா ஆயிடுச்சு, வெளிய வா!” என்கிறாள் என் மகள்.

சிரிக்கட்டும். வோல்ட், வாட் எல்லாம் செத்துப்போன விஞ்ஞானிகளின் பெயரில் வந்த அலகுகள். நான் உயிரோடு இருக்கும்போதே அலகாகிவிட்டேன்.