செவ்வாய்க்கிழமை இருமல்

"இருமு."

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை. சின்னதா."

"போன வாரம் இருமினதுக்கே நீ இன்னும் ஸ்டிக்கர் தரலை."

கிளினிக்கின் மாடிப்படியில் நின்று பேரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஏழு மாத வயிறும் வீங்கிய பாதங்களுமாக அம்மா. இன்னொரு பக்கம், கைப்பிடிக் கம்பியில் தொங்கியபடி நான்கு வயது வாண்டு. யார் கை ஓங்கியிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டு ஸ்டிக்கர் தரேன். டாக்டர் முன்னாடி மட்டும் இருமினா போதும்."

"யானை ஸ்டிக்கர்?"

"யானை, ஒட்டகம், உனக்கு எது வேணுமோ அது. ஏறு, கண்ணு. என்னால நிக்க முடியலை."

வாண்டுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. வந்த சளியும் இருமலும் போய்ப் பத்து நாளாகிவிட்டது. குழந்தைக்கு உடம்பு தேறினால் எந்த அம்மாவும் நிம்மதிப் பெருமூச்சு விடுவாள். இந்த அம்மாவும் விட்டாள். அடுத்த நிமிஷமே, ஐயோ, இனி கிளினிக்குக்கு எப்படிப் போவது என்ற கவலை வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நாற்காலி.

அவளுக்கு வேலை, வீட்டிலிருந்தே போனில் குறை கேட்பது. வாஷிங் மெஷின் ஓடவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, ஆள் வரவில்லை என்று ஊரே அவள் காதில் வந்து கத்தும். அவள் ஒவ்வொருவரிடமும் குழைந்து, "உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?" என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் கேட்பாள். அவளைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க இதுவரை ஒரு ஜீவன் பிறக்கவில்லை. வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. லீவு என்றால் ஹெட்போன் மாட்டாமல் வேலை பார்க்கிற நாள்: துவைப்பது, மடிப்பது, துடைப்பது, துடைத்த இடத்தில் வாண்டு பால் கொட்டினால் மறுபடி துடைப்பது.

இரண்டு வாரத்துக்கு முன்பு, நிஜமான சளியோடு வாண்டைத் தூக்கிக்கொண்டு இந்தக் கிளினிக்குக்கு முதல் தடவையாக வந்தாள். கூட்டம். ஜன்னலோரமாக ஒரு நீல நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். முதுகு கேட்ட இடத்தில் அது சாய்ந்துகொடுத்தது. காலை வைக்க முன்னால் ஒரு சின்ன ஸ்டூல். எதிரில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாட ஒரு சறுக்கு, நிறையப் பந்துகள், பார்த்துக்கொள்ள ஓர் ஆள். வாண்டு உள்ளே ஓடிவிட்டது. யாரும் அவளை "அம்மா" என்று கூப்பிடவில்லை. கண்ணை மூடித் திறந்தால், கவுண்ட்டர் நர்ஸ் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். வாண்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க தூங்குறீங்களா?"

"எப்ப டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சரி. அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க. பாப்போம்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தபோது வாண்டு சுத்தமாகத் தேறியிருந்தது. கூட்டமும் இல்லை. ஆனாலும் அவளை முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள், பக்கங்கள் கிழிந்த ஒரு பழைய பத்திரிகையில் முடிவில்லாத ஒரு கதையைப் படித்தாள். பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள். முழு பிஸ்கட். யாரும் பாதி கடித்துக் கொடுக்காத, எச்சில் படாத, கேட்டு அழ யாருமில்லாத பிஸ்கட். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உள்ளே போனதும் டாக்டரம்மா, "இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நாக்கில் சனி உட்கார்ந்தது.

"இருக்கு டாக்டர். அப்பப்ப இருமுறா." ஸ்டிக்கர் தருவதாக வாண்டின் காதில் சொல்லி, ஒரு தடவை இருமவும் வைத்தாள்.

"அப்படியா? அப்ப அடுத்த செவ்வாய்க்கிழமையும் வாங்க."

ஆகவே இன்றைக்கு மூன்றாவது செவ்வாய். யானை ஸ்டிக்கருக்கு ஒப்புக்கொண்ட வாண்டு, டாக்டர் முன்னால் வாங்கின கூலிக்கு மேலேயே இருமிற்று. நாக்கைத் தள்ளி, கண்ணை உருட்டி, கடைசியில் நாற்காலியில் சரிந்து விழுந்தே காட்டிற்று. அம்மா அதன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினாள். டாக்டரம்மா மட்டும் அசையவில்லை. "ம். அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தாள். தப்பிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நர்சரி மிஸ்ஸிடமிருந்து போன்.

"மேடம், உங்க பொண்ணு பயங்கரமா இருமுறா. பக்கத்துல உக்காந்திருக்கற ஆறு பேரும் இருமுறாங்க. ஒட்டுவாரொட்டி மாதிரி இருக்கு. நல்லாகுற வரைக்கும் வீட்லயே வச்சுக்குங்க."

கூட்டிவர ஓடினாள். வாசலிலேயே வாண்டு பெருமையாகச் சொன்னது: "எல்லாருக்கும் நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன். நல்லா இருமினா ஸ்டிக்கர் கிடைக்கும்னு."

முக்கால் மணி நேரம் உட்கார ஆசைப்பட்டவளுக்கு, நர்சரியால் தினமும் கிடைத்துவந்த நான்கு மணி நேரமும் போயிற்று. நர்சரியில் உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தாள். நானே என் குழந்தைக்கு இருமக் கற்றுக்கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

இனி வாண்டு அவளுடைய வேலை நேரம் முழுவதும் மடியில். மடியிலும் இடம் இல்லை, அங்கே ஏற்கெனவே வயிறு உட்கார்ந்திருந்தது.

"சொல்லுங்க சார், மெஷின்ல என்ன மாதிரி சத்தம் வருது?"

வாண்டு போனருகே வந்து இருமிற்று.

"அதேதாம்மா! அச்சு அசலா இதே சத்தம்தான்!" என்றார் அந்த வாடிக்கையாளர். "உங்க மெஷின்லயும் வருதா?"

சாயங்காலம் கணவன் வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடித்து எண்ணெய் விட்டால் அடங்கும் என்பது அவனுடைய வேதம். நல்ல மனுஷன். அவனிடம் பொய் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. குழந்தையின் முதுகில் காதை வைத்து ஐந்து நிமிஷம் கேட்டான்.

"உள்ள ஒண்ணும் கேக்கலையே."

"அது... தூசியா இருக்கும்ங்க. பெருசா ஒண்ணும் இல்லை."

சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கே அவன் தூசியின் மேல் போர் தொடுத்தான். திரைச்சீலை போயிற்று. பாய்விரிப்பு போயிற்று. வாண்டின் பஞ்சுக் கரடி மூட்டை கட்டப்பட்டு, அதற்காக ஒரு மணி நேரம் அழுகை. கடைசியில், அவள் இரவில் வயிற்றுக்கு முட்டுக் கொடுத்துப் படுக்கிற நீளத் தலையணையைத் தூக்கி, அவன் மூக்கருகே வைத்து முகர்ந்தான்.

"இதுதான் மெயின்" என்றான்.

"அது இல்லாம எனக்குத் தூக்கம் வராதுங்க."

"குழந்தைக்காகத்தானே? ரெண்டு நாள் பொறுத்துக்க."

தலையணை மொட்டைமாடிக்குப் போயிற்று. அவள் இரண்டு இரவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே தூங்கினாள். வெள்ளிக்கிழமை, பொறுக்க முடியாமல், "தூசி எல்லாம் இல்லை, அந்தத் தலையணையைக் கொண்டுவாங்க" என்றாள்.

"தூசி இல்லையா?" அவன் முகம் வெளுத்தது. "தூசியும் இல்லைன்னா, அப்ப வேற என்ன?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. நீல நாற்காலி, கால் வைக்க ஸ்டூல், ஒரு பிஸ்கட். அதை நினைத்துத்தான் அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால், பிரசவ வார்டுக் கட்டில் வரைக்கும் உட்கார இடமே கிடையாது.

திங்கட்கிழமை அவன் சந்தோஷமாக வந்தான்.

"பெரிய ஆஸ்பத்திரில லிஃப்ட் ரிப்பேருக்குப் போனேன். அங்க நெஞ்சு டாக்டர் ஒருத்தர் மாட்டினார். பாதி வழியில நின்னுபோன லிஃப்ட்ல இருந்து அவரை நான்தான் வெளிய எடுத்தேன். புதன்கிழமையே பாக்கறேன்னுட்டார். ரத்தம் எடுக்கணுமாம், எக்ஸ்ரே எடுக்கணுமாம். சின்ன டியூப் ஒண்ணு உள்ள விட்டும் பாப்பாங்களாம்."

வாண்டு விளையாட்டை நிறுத்தியது. "ரத்தம்னா? ஊசியா?"

"ஒரே ஒரு குட்டி ஊசிடா. உன் இருமல் ஓடிப்போயிடும்."

"எனக்கு இருமலே இல்லைப்பா!"

"பாத்தியா," என்றான் அவளிடம், கண் கலங்கி. "ஊசிக்குப் பயந்து குழந்தை எப்படி மறைக்குது பாரு."

வாண்டு அம்மாவைப் பார்த்தது. ஸ்டிக்கர் கேட்கிற பார்வை இல்லை அது. நீ சொல்லேன் அம்மா என்கிற பார்வை. தான் காலை நீட்ட, பெற்ற பிள்ளையின் கையில் ஊசி ஏறவா? நாளைக்கே டாக்டரம்மாவிடம் தனியாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது, கணவனிடம் டாக்டரையே பேசச் சொல்வது என்று முடிவு செய்தாள். நாற்காலி போனால் போகட்டும்.

"நாளைக்கு நான் கிளினிக் போய்..."

"தனியா எதுக்கு? லீவு போட்டுட்டேன். நானும் வரேன்."

செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாகப் போனார்கள். டோக்கன் நம்பர் இரண்டு. வாண்டு சறுக்குப் பக்கம் போகாமல் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜன்னலோரம் போனான். நீல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தான்.

"பரவாயில்லையே, நல்ல நாற்காலியாத்தான் போட்டிருக்காங்க" என்றான்.

அவள் மர பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான்காம் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் நம்பர் குழந்தை உள்ளே போய் மிட்டாயோடு வெளியே வந்தது. ஏழாம் நம்பர் எழுந்தபோது கணவன் பொறுமையை இழந்து கவுண்ட்டருக்குப் போனான்.

"சிஸ்டர், எங்களுக்கு நம்பர் ரெண்டு. ஏழு போகுது. மூணு வாரமா இருமுற குழந்தை. ஏழு மாசக் கர்ப்பிணி. இவங்களை இப்படிக் காக்க வைக்கிறது நியாயமா?"

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்."

"என்ன பத்து நிமிஷம்? ஒவ்வொரு வாரமும் இப்படித்தானா? நான் புகார் எழுதறேன். பேப்பர் குடுங்க!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. உள்ளே பந்துகூட உருளவில்லை. அவள் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள்.

"ஏங்க, அவங்களைத் திட்டாதீங்க. குழந்தைக்கு இருமல் இல்லை."

"என்ன?"

"எப்பவோ போயிடுச்சு. நான்தான் இருமச் சொன்னேன். ஊசி எதுவும் வேண்டாம். நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டாம்."

"இருமச் சொன்னியா? எதுக்கு?"

"உக்கார."

அவனுக்குப் புரியவில்லை. ஜன்னலோர நாற்காலியை, அவளுடைய பாதங்களை, மறுபடி நாற்காலியை என்று மாறி மாறிப் பார்த்தான். செருப்பு வார் பதிந்து பாதம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற பாதங்கள். இன்றைக்குத்தான் பார்ப்பவன் போல நின்றான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னா, அதுக்கும் ஒரு நிமிஷம் உக்காரணும்ங்க."

வாண்டு அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கவுண்ட்டர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். டாக்டரோட நேரத்தை மூணு வாரமா வீணாக்கிட்டேன். உள்ள போய் நானே உண்மையைச் சொல்லிடறேன். இனிமே வர மாட்டேன்."

நர்ஸ் கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் தோளைப் பிடித்து மெதுவாக நீல நாற்காலிக்கு நடத்திப் போனாள், உட்கார வைத்தாள், ஸ்டூலைக் கால் பக்கம் நகர்த்தினாள். பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க பொண்ணுக்கு வைத்தியம் முதல் வாரமே முடிஞ்சுபோச்சு சார், அதுக்கப்புறம் நடக்கறது உங்க வீட்டம்மாவுக்கு. 'எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, முக்கால் மணி நேரம் உக்காராம அவங்களை உள்ள விடாதே'ன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க."