சுருக்கெழுத்துத் தாடி

"சாவித்ரிக்கு எத்தனாம் மாசம், ஓய்?" என்று டிராமில் அடுத்த வீட்டு பாலசுப்ரமணியன் காதோடு கேட்டபோது வெங்கடசுப்ரமணியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மாசம்?"

"தாடியைப் பாத்தா தெரியாதா? காளிகாட்டிலே நம்ம ஜனம் பூரா பேசிக்கறது."

மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சம்பிரதாயம். வெங்கடசுப்ரமணியன் அதை அடியோடு மறந்துபோயிருந்தார்.

"அந்த மூடப்பழக்கமெல்லாம் நான் வெச்சுக்கறதில்லைன்னு உமக்கே தெரியும். இது சங்கல்பம். சுருக்கெழுத்துப் பரீட்சை பாஸ் பண்ற வரைக்கும் ஷவரம் கிடையாது."

பாலசுப்ரமணியன் கண்ணைச் சிமிட்டினார். "வாஸ்தவம். ஆரம்பத்திலே யார் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லணும்."

வெங்கடசுப்ரமணியன் சொன்னது சத்தியம். அவர் குமாஸ்தாவாக இருந்த சணல் கம்பெனியில் துரைக்குச் சுருக்கெழுத்து எழுதும் வேலை காலியாகியிருந்தது. பூஜை விடுமுறைக்கு அப்புறம் பரீட்சை. தேறினால் துரை அறையில் நாற்காலி, மின்விசிறிக் காற்று. தேறாவிட்டால் மதராஸிலிருந்து வேறு ஆள் வருவான். இவர் கடைசிவரை பில்களை நகல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு தரம் எழுதிக் கோட்டை விட்டிருந்தார்.

மூளைக்குக் குறைவில்லை. புத்தகத்தில் உள்ள கோடுகளையும் கொக்கிகளையும் பார்த்தால் கொட்டாவி வந்துவிடும், அவ்வளவுதான். தினமும் ராத்திரி, விடியற்காலையில் எழுந்து படிப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றுவார். விடியற்காலையில் அதை ரத்து செய்துவிட்டுப் புரண்டு படுப்பார்.

"மனசு கட்டுப்படணும்னா எதையாவது ஒண்ணை விட்டுடுங்கோ," என்றாள் சாவித்ரி ஒருநாள், வாழைக்காய் நறுக்கிக்கொண்டே.

காபியை விட்டால் தலைவலி வரும். மூக்குப்பொடியை விட்டால் மூளை ஓடாது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டால் உடம்பு தாங்காது.

"அப்போ ஷவரத்தை விடுங்கோ."

அரை மணி நேரத்தில் அது தம்முடைய சொந்த யோசனையாகவே அவருக்குத் தோன்றிவிட்டது. காளி கோயிலுக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, சங்கல்பம் செய்துகொண்டு வந்தார். பலனும் இருந்தது. கன்னம் அரிக்கும்போதெல்லாம் பரீட்சை ஞாபகம் வந்தது. கன்னம் ஓயாமல் அரித்தது.

டிராமில் அந்தப் பேச்சு நடந்த அன்று சாயங்காலம் வீடு திரும்பினால், பாலசுப்ரமணியனின் சம்சாரம் நாகலக்ஷ்மி ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்துவிட்டுப் போயிருந்தாள்.

"என்னால உனக்கு இந்தச் சங்கடம்," என்றார் சாவித்ரியிடம்.

"பேசறவா பேசிட்டுப் போறா. நீங்க படிங்கோ," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பல் அவரைச் சுட்டது. இதற்கு முன் இரண்டு தரம் அவளுக்கு உண்டாகிக் கலைந்திருந்தது. அப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்கள். அப்படிப்பட்டவளை இல்லாத பிள்ளைக்கு ஊறுகாய் வாங்க வைத்துவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டார்.

சனிக்கிழமை பஜனையில் மங்களம் பாடி முடிந்ததும், வெங்கடசுப்ரமணியன் எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாக உண்மையைச் சொன்னார். தாடி பரீட்சைக்காக வளர்ப்பது, வேறு விசேஷம் எதுவும் இல்லை என்றார்.

"எவ்வளவு கூச்சம் பாருங்கோ, பாவம்," என்றார்கள் பெண்கள். ஆண்களுக்கோ விசேஷத்தோடு பரீட்சையும் தெரிந்துபோயிற்று. அதன்பின் டிராமில் ஏறினாலே, "ஆத்திலே சௌக்கியமா? நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை வரது?" என்று இரண்டையும் சேர்த்து விசாரித்தார்கள்.

விஷயம் ஆபீஸ் வரை நடந்துபோயிற்று. பெரிய குமாஸ்தா ஹரிபதா பாபு அவரைக் கூப்பிட்டு, தோளைத் தட்டினார்.

"வெங்கட் பாபு, கவலையை விடும். துரையிடம் நான் பேசிவிட்டேன். குடும்பம் பெருகும் சமயம், சம்பளம் சீக்கிரம் உயரட்டும் என்று பரீட்சையை முன்கூட்டியே வைத்துவிட்டார்."

"எப்போது?"

"வருகிற வெள்ளிக்கிழமை."

வெங்கடசுப்ரமணியன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருந்தது.

அன்றைக்கே நாவிதனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மழித்துத் தொலைத்துவிடுவது என்று புறப்பட்டார். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. இப்போது திடீரென்று மழித்த கன்னத்தோடு போய் நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? மறுபடியும் கலைந்துவிட்டது என்றுதானே? அந்தப் பெண்கள் மறுபடியும் வந்து சுவரோரமாக உட்காருவார்கள். நடுவில் சாவித்ரி உட்கார வேண்டும், இவருடைய சோம்பலுக்காக.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. பரீட்சையில் தேறி, உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் மழித்தால், சங்கல்பம் என்பதை ஜனங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். தேறாவிட்டால் தாடியையும் எடுக்க முடியாது, வதந்தியையும் நிறுத்த முடியாது. சில மாதம் போனால், பிள்ளை எங்கே என்றும் கேட்பார்கள்.

அந்த வாரம் அவருக்குக் கொட்டாவியே வரவில்லை. சாதம் பிசைந்த விரல் இலையில் கோடு போட்டது. டிராமில் கண்டக்டர் வங்காள மொழியில் கத்தியதைக்கூடத் தொடைமேல் எழுதிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை துரை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, சணல் விலையைப் பற்றி நீளமாக ஒரு கடிதம் சொன்னார். வெங்கடசுப்ரமணியன் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்தபோது தம் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. துரை ஒரு தரம் தலையை ஆட்டினார். மறுநாள் உத்தரவு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் மணை போட்டு உட்கார்ந்தார். சாட்சிக்கு பாலசுப்ரமணியனையும் இன்னும் நாலு பேரையும் வரவழைத்திருந்தார். ஆபீஸ் உத்தரவு கைக்குக் கை மாறியது. இத்தனை வருஷத்தில் ஒரு காரியத்தைத் தொடங்கி முடித்தது இதுதான் முதல் தடவை என்பதால், அவருக்குக் கண்கூடக் கலங்கிற்று.

"மனுஷன் மனசு வெச்சா எதுவும் நடக்கும், ஓய்," என்றார். "யாரும் சொல்லித்தரல. என் மனசை நானே பிடிச்சுக் கட்டினேன்."

"நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்," என்று பாலசுப்ரமணியன் ஒப்புக்கொண்டார்.

வெந்நீர் கொண்டுவந்து வைத்த சாவித்ரி, வங்காளி நாவிதனின் கையில் கத்தியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடினாள். சந்தோஷத்தைச் சொல்லப் போகிறாள் என்று வெங்கடசுப்ரமணியன் நினைத்துக்கொண்டு மோவாயை உயர்த்திக் காட்டினார்.

கத்தி கன்னத்தருகே வந்தபோது, நாகலக்ஷ்மி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு சாவித்ரி.

"அண்ணா, முதல்ல கத்தியைக் கீழ வைக்கச் சொல்லுங்கோ," என்றாள் நாகலக்ஷ்மி. "சம்பிரதாயம்னா சிரிப்பேள், பரீட்சைக்குன்னா தாடி வளப்பேள்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். இவளுக்கு இது நாலாம் மாசம்."