புகையறையில் காய்ந்த கோட்டு

உச்சி வெயிலில், ரப்பர் தோட்டத்து மேட்டுப் பாதையில், கம்பளிக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வாயில் பைப்பைக் கடித்தபடி, பெண் கொடுக்க வந்த தாய்மாமனை வரவேற்கப் போன ஒரு மடையனை எனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தினமும் காலையில் அவனுக்குத்தான் முகச்சவரம் செய்துவிடுகிறேன்.

பழி முழுவதையும் அவன் தலையில் போட மனம் வரவில்லை. கொஞ்சத்தை இந்தியப் படங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது இலங்கையில், யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் தாத்தாவும் அந்தத் தோட்டத்து மண்ணுக்குள்ளேயே போனவர்கள். ஆனாலும் அறுபதுகளில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசியதில், நான் இந்தியன் என்று முடிவாகியிருந்தது. (என்னை யாரும் கேட்கவில்லை. நான் அப்போது தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் சீட் எண்ணிக்கொண்டிருந்தேன்.) அந்த இந்தியாவை நான் பார்த்ததெல்லாம் கடைவீதித் தியேட்டரில், கேலரி டிக்கெட்டில்தான். வெளிநாட்டில் வாழும் இந்தியன் எப்படி இருப்பான் என்பதையும் அங்கேதான் படித்தேன். நானே அப்படி ஒருத்தன் என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

அந்தப் படங்களில் சிலோன், சிங்கப்பூர், ரங்கூன் மூன்றும் ஒரே ஊர். அங்கிருந்து வருகிறவனுக்கு வேலை கிடையாது, பிசினஸ் மட்டும் உண்டு. என்ன பிசினஸ் என்று கடைசிவரை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டிருப்பான். இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் மாடிப்படியில் பைப்போடு இறங்கி வருவான். கொதிக்கிற டீயை வாயில் வைத்திருப்பவன் மாதிரித் தமிழ் பேசுவான். அவனுக்கு வேர்க்காது. அவன் மேல் மழை பெய்யாது. படம் விட்டு நாலு மைல் நடந்து தோட்டத்துக்குத் திரும்பும்போது, காலைக் கவ்விய அட்டைகளைப் பிடுங்கி எறிந்தபடி நாங்கள் பேசிக்கொள்வோம்: “வெளிநாட்டு ஆளுன்னா அப்பிடித்தான்யா இருக்கணும்!”

இந்த லட்சணத்தில்தான் துறையூரிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அம்மா கல்யாணமாகிக் கப்பலேறிய பிறகு அவரைப் பார்த்ததே இல்லை. தன் மகள் சரசுவை எனக்குக் கொடுக்கலாம் என்று இருப்பதாகவும், அதற்கு முன் பையனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், படம் எடுத்தவன் எதையோ திருடிவிட்டான் என்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பில் விழுந்தவன்தான் நான். கட்டினால் இவளை, இல்லையென்றால் சந்நியாசம் என்று தீர்மானித்துவிட்டேன். (சந்நியாசம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது.)

என்னிடம் இருந்ததோ கூலி லயத்து வரிசையில் ஒரே அறை வீடு, இரண்டு வேட்டி, ரப்பர் பாலும் புகையும் ஏறிக் கறுத்துப்போன பத்து விரல்கள். இதைப் பார்க்கவா கடல் தாண்டி வருகிறார் மனிதர்? சிலோன் மாப்பிள்ளை என்றால் சிலோன் மாப்பிள்ளையாக இருக்க வேண்டாமா?

பைப்பைத் தந்தவர் துரை பங்களாச் சமையல்காரர் சின்னையா அண்ணன். “துரை வீசினது தம்பி. நடுவுல வெடிச்சிருக்கு. ஒரு பக்கமா கடிங்க, தெரியாது” என்றார். கோட்டைத் தந்தவர் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் மாத்தயா (சிங்களத்தில் ஐயா). பக்கத்தில் இருந்த சிங்களக் கிராமத்துக்காரர், தங்கமான மனிதர். தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத் திங்கட்கிழமை எடுத்துக் கொடுத்து, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கல்யாணம். சனிக்கிழமை காலையில் வந்துவிட வேண்டும்.”

மாமா வருவது வெள்ளிக்கிழமை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

கோட்டில் பூச்சி உருண்டை நாற்றம் அடித்தது. துவைத்தேன். (கம்பளிக் கோட்டைத் தண்ணீரில் முக்கக்கூடாது என்று எந்தப் படத்திலும் சொல்லவில்லை.) துவைத்த கையோடு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, வந்தால் விருந்தாளி மாதிரி நாலு நாள் தங்கித்தான் போகும். புதன்கிழமையும் கோட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் எது காயவில்லை என்றாலும் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்: பாலை உறையவைத்துத் தட்டிய ரப்பர் சீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு அடியில் விறகு மூட்டிப் புகைபோடும் அறை. இரண்டு சீட்டுக்கு நடுவில் கோட்டையும் தொங்கவிட்டேன். என் தொழில் மூளை அவ்வளவு தூரம்தான் வேலை செய்யும்.

இரண்டு நாளில் காய்ந்தது. காய்ந்தது என்றால், தரையில் வைத்தால் தானாக நிற்கும் அளவுக்கு. கை இரண்டும் முழங்கையை நோக்கி ஏறியிருந்தன. மணத்தை எப்படிச் சொல்வேன்? பழைய டயரை மூட்டி அதில் கருவாடு சுட்டால் வருமே, அது.

“ஒம் மாமன் ஒன்னையப் பாக்க வாராரா, துணிக்கடைப் பொம்மையப் பாக்க வாராரா?” என்றாள் அம்மா.

“ஒங்களுக்குத் தெரியாதும்மா. வெளிநாட்டுல இருக்கிறவன் இப்பிடித்தான் இருக்கணும்.”

“நான் இருபத்தி நாலு வருசமா வெளிநாட்டுலதான்டா இருக்கேன்!”

வெள்ளிக்கிழமை மாமா வரவில்லை, தந்திதான் வந்தது. கப்பல் தாமதம், சனிக்கிழமை வருகிறார். கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை. இரண்டு மணித்தியாலம் பிந்தினால் என்ன வந்துவிடும் என்று போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலு நாள் பெய்த மழை அன்றைக்கென்று ஓய்ந்து, வெயில் கொளுத்தியது.

பஸ்ஸிலிருந்து மஞ்சள் பையோடு இறங்கிய மாமா நேராக என்னிடமே வந்தார்.

“ஐயா, இந்த ரப்பர் தோட்டத்துல சந்தனம்னு ஒரு பையன்…”

“நான்தான் சந்தனம். வெல்கம் மாமா! டிராவல் எல்லாம் சுகமா?” பைப்பை ஒரு பக்கமாகக் கடித்திருந்ததால் பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். “எங்கயாச்சும் தீயில மாட்டிக்கிட்டியா மாப்ளே?”

“நோ, நோ. இது சிலோன் சென்ட்.”

மேட்டுப் பாதையில் ஏற ஏற எனக்கு வேர்த்து ஊற்றியது. கோட்டின் கறுப்பு கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமா ஒரு வளைவில் நின்றார்.

“மாப்ளே, தப்பா நெனைக்கக் கூடாது. பொண்ணப் பெத்தவன், கேட்டுத்தான் ஆவணும். இங்க ஒனக்கு வேற குடும்பம் ஏதாச்சும்…?”

“ஐயையோ! ஏன் மாமா அப்பிடிக் கேக்குறீங்க?”

“படத்துல பாக்குறோமேப்பா! கோட்டுப் போட்டுப் பைப்போட வார சிலோன்காரன் எவன் யோக்கியமா இருந்தான்? ஊருக்கு வந்து நம்ம பொண்ணுக்குத் தாலி கட்டுவான். இடைவேளைக்கு அப்புறம் மூத்தவ கைக்கொழந்தையோட வந்து வாசல்ல நிப்பா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்து மயங்கிய கோட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வில்லன்கள்! நான் உடுப்பை மட்டும் பார்த்திருக்கிறேன். மாமா கதையையும் பார்த்திருக்கிறார். இதைச் சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். படத்தில் அவர்கள் சிரிக்கும் அதே சிரிப்புத்தான் வந்தது. மாமாவின் முகம் இன்னும் கறுத்தது.

லயத்து வீட்டைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மாடிப்படி எதுவும் இல்லை. அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மாமா முதல் மடக்குக் குடித்தார்.

வாசலில் டிஸ்பென்சரின் மனைவி, நாங்கள் நோனா என்று கூப்பிடும் சிங்கள அம்மாள், வந்து நின்றாள். பக்கத்தில் நாலு வயது மகள்.

அந்தக் குழந்தைக்கு என்னைப் பழக்கம். கோட்டை அதைவிடப் பழக்கம். அப்பா அந்தக் கோட்டுப் பையில்தான் டொபி மிட்டாய் வைத்திருப்பார். ஓடி வந்து என் மடியில் ஏறி, பைக்குள் கையை விட்டது. நோனா சிரித்தபடி, “கோட் எக்க?” என்றாள். கோட்டைத் திருப்பிக் கேட்கிறாள், அவ்வளவுதான். மாமாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் அந்தக் காட்சி தெரியும். கிளாஸ் அந்தரத்தில் நின்றது.

நோனா கிட்டே வந்தாள். கோட்டின் நுனியைத் தொட்டாள். அது மடங்கவில்லை. குனிந்து மோந்தாள். “மகே தெய்யனே!” என்று தலையில் அடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தாய் அழுவதைப் பார்த்த குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. பின்னணி இசை ஒன்றுதான் பாக்கி.

மாமா எழுந்து நின்றார். “எத்தினி நாளா நடக்குது இது?”

கோட்டைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “திங்கக்கெழமையிலேருந்துதான் மாமா.”

“திங்கக்கெழமையிலேருந்தா? பச்சப்புள்ளைக்கு நாலு வயசிருக்கும் போலிருக்கேடா!”

மஞ்சள் பையைத் தூக்கிவிட்டார். சரசுவின் இரட்டைச் சடை என் கண் முன்னால் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னேன்: “மாமா, நீங்க நெனைக்கிற மாதிரி நான் கெட்டவன் இல்ல!” அதுவும் படத்தில் அவர்கள் சொல்வதுதான்.

அம்மாதான் எழுந்து வந்தாள். பைப்பைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். “கழட்டுடா கோட்ட!”

கழற்ற வரவில்லை. ஒரு கையை அம்மாவும், மறு கையை அழுதபடியே நோனாவும் பிடித்து இழுத்தார்கள். சீட்டிலிருந்து சீட்டை உரிப்பதுபோல ஒரு சத்தத்தோடு வந்தது. உள்ளே ஓட்டைப் பனியன். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கறுப்புக் கோடுகள்.

“நல்லாப் பாருண்ணே. இதான் எம் மகன். ஸ்டோர்ல சீட் எண்ணுறான். கோட்டு அந்த நோனா புருசனோடது, இரவல். ஒரு பொண்டாட்டிக்கே இந்தப் பாடு படுறான், இவன் எங்கண்ணே ரெண்டு கட்டப்போறான்?”

மாமா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பையைக் கீழே வைத்தார். “தேத்தண்ணி ஆறிருச்சு, சுட வச்சு குடு” என்றார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்த பிறகு நிற்க மறுத்தது. என்ன ஏது என்று தெரியாமலே நோனாவும் அழுகையோடு சிரித்தாள்.

டிஸ்பென்சர் மாத்தயா மறுநாள் வெறும் சட்டையோடு மச்சினன் கல்யாணத்துக்குப் போனார். நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டதாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு தலைவலி என்று போனாலும் எனக்கு மட்டும் இருப்பதிலேயே கசப்பான மருந்துதான்.

மாமா போகும்போது, “சரசுகிட்ட கேட்டு எழுதுறேன்” என்றார். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் தபால் வந்தது. நடந்ததைச் சொன்னாராம். சரசு இரண்டு நாள் சிரித்தாளாம். மூன்றாம் நாள் சரி என்றாளாம். ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை வேட்டியில்தான் வர வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, ஒரேயடியாகத் துறையூருக்கு வந்து வேட்டியோடு நின்றேன். சிலோன் மாப்பிள்ளையைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. முகத்தில் ஏமாற்றம். “என்னங்க, மாப்ள கோட்டெல்லாம் போடலையா?” என்று ஒருவர் கேட்க, மாமா அசராமல், “காஞ்சுக்கிட்டிருக்கு” என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் பந்தா காட்டினால், “கோட்டு காஞ்சிருச்சா?” என்று ஒரு குரல் வரும்.

போன வாரம் டிவியில் ஒரு படம். இப்போது கோட்டும் பைப்பும் இல்லை. லண்டனிலோ எங்கேயோ, கண்ணாடி மாளிகையில் ஒரு தமிழன். கொட்டும் பனியில் மெல்லிய சட்டையோடு நின்று, ஊர் மண்ணின் வாசனைக்காகக் கண் கலங்குகிறான். இவனுக்கும் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பேரன் கனடாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

“எந்த வெளிநாட்டுலடி எவன் இப்பிடி இருக்கான்?” என்றேன்.

சரசு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க இருந்தீங்க.”