கிளைவின் ஐந்து பவுண்டு வாரம்

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கெல்லாம் கிளைவ் ஆர்மரோடின் ஒரு வார ஒழுக்கம் தீர்ந்துபோயிற்று.

வாரத்துக்கு ஐந்து பவுண்டு. அதற்கு மேல் கைபேசியில் பந்தயம் கட்ட முடியாதபடி செயலியில் அவரே வரம்பு வைத்திருந்தார். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் அவர் பேருந்து ஓட்டும் பணிமனையில் ஓட்டுநர், மெக்கானிக், கேன்டீன் என்று ஒருவர் விடாமல் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தார். கண்ணால்கூடக் காணாத ஓர் ஆஸ்திரேலியக் குதிரை அந்த ஐந்தையும் இரண்டு நிமிடத்தில் தின்றுவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தது.

வீட்டில் மனைவி கிளெனிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இங்க பாரு கிளைவ், ஒரே ஒரு வாரம். தாண்டாம இருந்து காட்டு. தாண்டினியோ, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்." வாய்ப்பேச்சோடு நிறுத்தவில்லை. பெட்டியைக் கட்டி வாசல் கதவருகே வைத்துவிட்டாள். கிளைவ் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. இருபத்தாறு வருடம் கூட இருந்தவள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வரம்பை ஐம்பதாக உயர்த்தச் சொல்லி அழுத்திவிட்டார்.

'உங்கள் நலனே எங்கள் அக்கறை. இருபத்து நான்கு மணி நேரம் நிதானமாக யோசியுங்கள்' என்றது செயலி. அதற்குக் கீழேயே, 'யோசிக்கும் நேரத்தில் பொழுது போக, இதோ ஓர் இலவச ஆட்டம்!'

செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்குள் அவருக்குப் புத்தி வந்துவிட்டது. ஆனால் செயலி மறக்கவில்லை. 'வரம்பை உயர்த்தலாமா?' என்று கேட்டது. இரண்டே பொத்தான்கள். ஒன்றில் 'ஆம்'. மற்றதில் 'பிறகு நினைவூட்டு'. வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. அரை மணிக்கு ஒரு தரம் நினைவூட்டியது.

கிளைவ் கைபேசியை மெக்கானிக் காலின் என்ட்விசிலிடம் கொடுத்தார். "நான் கேட்டாலும் தராதே."

"உசிரே போனாலும் தரமாட்டேன் மாப்ள," என்று காலின் அதை ஸ்பானர் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

புதன்கிழமை காலை அவனே தேடிக்கொண்டு வந்தான். "இந்தா மாப்ள. சார்ஜ் போட்டுத் தொடைச்சு வச்சிருக்கேன்."

"நான் கேக்கவே இல்லையே!"

"மனுஷன் இவ்ளோ அடக்கமா இருந்தா உடம்புக்கு ஆகாதுடா. இன்னிக்கு ஒரு நாள், சும்மா அந்த 'ஆம்'ல விரலை வையி."

கேன்டீன் பெரில் டீ பாய்லருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். "அவனை விடு காலின்! இன்னிக்கு வேணாம்!" என்று கைபேசியைப் பிடுங்கி ரொட்டி டப்பாவுக்குள் ஒளித்தார். கிளைவுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை பேக்கன் சாண்ட்விச் வந்தது. தட்டில் சாஸுக்குப் பக்கத்தில் கைபேசி.

"என்ன பெரில் இது?"

"ஆசையை அடக்கி அடக்கி எங்க சித்தப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு வந்துச்சு கண்ணு. எனக்கு உன் உடம்புதான் முக்கியம்."

அதற்குள் மேற்பார்வையாளர் ஃபாசகெர்லி வந்து நின்றார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். "வேலை நேரத்துல இதெல்லாம் கூடாது. என் ரூம்ல இருக்கட்டும்," என்று தட்டோடு தூக்கிக்கொண்டு போனார். சாண்ட்விச்சும் போயிற்று.

வெள்ளிக்கிழமை அவரே கிளைவைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் கைபேசி, எதிரே மெத்தை போட்ட நாற்காலி.

"உட்காருங்க கிளைவ். உங்க வண்டியை வேற ஆள் எடுக்கட்டும். நீங்க ஒரு மணி நேரம் தனியா ஓய்வெடுங்க."

பல் பிடுங்கியதற்குக்கூட அரை நாள் விடுப்புத் தராத மனிதர் இப்படிச் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

'ஆம்' பளபளத்தது. விரல் தானாகப் போயிற்று. அது படுவதற்குள் கைபேசி அலறியது. கிளெனிஸ்.

"தொட்டியா?"

"இல்ல."

"இன்னும் ரெண்டே நாள் கிளைவ். எனக்காகத் தாங்கு." அவள் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கம் கிளைவை உலுக்கிவிட்டது. கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியே வீசினார். அது கீழே கழிவு டீசல் தேங்கிய குழிக்குள் விழுந்தது. சனி, ஞாயிறு வண்டிகளின் பணிப்பட்டியல் முழுவதும் அதே இழுப்பறையில்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த வண்டியை யார் ஓட்டுவது என்று தெரியாமல் ஒரே வழித்தடத்தில் நான்கு பேருந்துகள் வரிசையாகப் போயின. கிளைவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது. காரணம் கேட்ட இடத்தில், பந்தயச் செயலி தினமும் உபதேசிக்கும் 'பொறுப்பான ஆட்டம்' என்பதையே எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை கிளெனிஸ் தன் கைபேசியை மாவு டப்பாவுக்குள் புதைத்தாள். இணைய இணைப்பைப் பிடுங்கினாள். அவரைச் செடிக்கடைக்கு இழுத்துப்போய் பதினோரு பூந்தொட்டிகளைச் சுமக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். கழிப்பறைக்குப் போனாலும் வெளியே நின்று பேச்சுக் கொடுத்தாள். கிளைவுக்கு முதுகு விட்டுப்போயிற்று. மனம் மட்டும் நிறைந்திருந்தது. இந்த வயதிலும் தன் மேல் இவ்வளவு பாசமா என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார்.

வாரம் முடிந்ததும் அவள் அவரைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.

திங்கட்கிழமை கிளைவ் பணிமனைக்குள் மாப்பிள்ளை மாதிரி நுழைந்தார். "ஒரு வாரம்! அஞ்சு பவுண்டு! தாண்டவே இல்ல!"

யாரும் கைதட்டவில்லை. காலின் ஸ்பானரைத் தரையில் எறிந்தான். அந்தப் பக்கமாகப் போன ஃபாசகெர்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டுநர்கள் ஏதோ துக்க வீட்டில் இருப்பதுபோல் டீ குடித்தார்கள். ஒரு மனிதன் திருந்தினால் இத்தனை பேருக்குப் பொறாமையா என்று கிளைவுக்கு வருத்தமாக இருந்தது.

பெரில் கனமான பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். உள்ளே சில்லறை குலுங்கியது.

"எனக்கா?"

"உனக்கு எதுக்கு? உன் பொண்டாட்டிக்கு. நீ என்னிக்கு வரம்பைத் தாண்டுவேன்னு நாங்க நாப்பது பேரு ஆளுக்கு ஒரு நாளைச் சொல்லி அஞ்சு பவுண்டு கட்டினோம். அஞ்சுக்கு மேல யாரும் போடக் கூடாதுன்னு நாங்களும் பொறுப்பாத்தான் இருந்தோம்."

"கிளெனிஸ்?"

"நீ தாண்டவே மாட்டேன்னு எங்க நாப்பது பேரையும் எதிர்த்து அவ ஒருத்தியே இருநூறு பவுண்டு கட்டினா," என்றார் பெரில். "அவளுக்கும் ஒரு வரம்பு வச்சு விடு கண்ணு."