பதினொரு லெட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் நலத்தைக் கேட்கும் யோக்கியதை இந்த மாதம் எனக்கு இல்லை. கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முழுவதும் படித்த பிறகு சொல்லுங்கள்.

பீரங்கியின் சர்வ் வலையில் படவில்லை. பதினொரு முறையும் படவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை அழைத்தேன். நீங்கள் "சொல்லுடா" என்றீர்கள். அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

நம் வீட்டில் அந்த இருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சர்வ் போடுபவர் பீரங்கி, உங்கள் ஆள். வலையோரம் வந்து எதையும் விடாமல் பிடிப்பவர் சிலந்தி, அப்பாவின் ஆள். இருவரும் ஆடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. நீங்களும் அப்பாவும் நிறுத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா சொல்வார்: "சர்வுங்கறது தனியாப் பேசிக்கிறது. வலைக்கிட்ட வந்தாத்தான்டா எதிராளி மூஞ்சி தெரியும்." நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வீர்கள்: "மூஞ்சி பாக்கறதுக்கு எதுக்குண்ணா டென்னிஸ்? பஸ் ஸ்டாண்டுக்குப் போனாப் போதுமே." முப்பது வருடம். நான் பேசக் கற்றதே இந்தச் சண்டையில்தான் என்று அம்மா சொல்வாள்.

அதனால்தான், டென்னிஸ் சங்கம் பீரங்கியையும் சிலந்தியையும் அழைத்து ஒரே ஒரு செட் காட்சி ஆட்டம் வைத்தபோது, தோற்றவரின் கட்சிக்காரர் ஞாயிறு சாப்பாட்டில் எழுந்து நின்று, மற்றவர் சொன்னதே சரி என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டீர்கள். எனக்கு இதில் எந்தப் பங்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. அப்பாவுக்குத் தெரிந்த சங்கச் செயலாளர், வாசலில் வைத்து என் கையைப் பிடித்தார். வலை நடுவர் வரவில்லையாம்.

"சும்மா உக்காந்தாப் போதும்பா. வலை மேல வெள்ளப் பட்டை இருக்குல்ல, அதுல ஒரு விரல வெச்சுக்க. சர்வ் பந்து உரசிட்டுப் போனா விரலுக்குத் தெரியும். 'லெட்'டுன்னு கத்து. அவரு மறுபடி போடுவாரு."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா வாய மூடிட்டு இரு. அவ்வளவுதான் வேலை."

உங்களுக்கு விதி சொல்லித்தருவதாக நினைக்க வேண்டாம். எனக்கு அன்றுதான் சொல்லித்தந்தார்கள். என் படிப்புக்கு ஏற்ற முதல் வேலை என்றுகூடத் தோன்றியது. கேட்காமல், பார்க்காமல், ஒரு விரலால் உணர்வது.

உணர்ந்தேன். பீரங்கி சர்வ் போட்ட முதல் ஆட்டத்திலேயே விரல் நுனியில் ஒரு சின்ன நடுக்கம், கத்தினேன், அவர் தலையாட்டிவிட்டு மறுபடி போட்டார், மறுபடி நடுக்கம், மறுபடி கத்தினேன், சிலந்தி தொடவே முடியாமல் போன பந்துகளெல்லாம் என் வாயால் ஒன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்தன, மேலே உயர நாற்காலியில் இருந்த நடுவர் என்னை நம்பினார், நம்புவதுதான் விதி, கூட்டத்தில் ஒருவர் "அந்தக் காலத்துலயும் இப்படித்தான் உரசிட்டே போயிருக்கும், யாரு கண்டா"ன்னு சத்தமாச் சொன்னாரு, பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க, நாலாவது தடவை பீரங்கி வலைகிட்ட வந்து குனிஞ்சு "தம்பி, பட்டுதா?"ன்னு கேட்டாரு. அறுபத்தொரு வயசு. நெத்தியில வேர்வை. மரியாதையாத்தான் கேட்டாரு. "பட்டுது சார்"னு நான் கண்ணைப் பாத்துச் சொன்னேன்.

அதுவரை நான் பொய் சொல்லவில்லை. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. நிஜமாகவே விரல் நடுங்கியது.

ஏழுக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். அந்த இடைவெளியில் மணி பார்க்கப் போனை எடுத்தேன். இடது பையில் இருந்தது. இடது தொடை வலைக் கம்பத்தை ஒட்டி இருந்தது. குடும்பக் குழுவில் ஏழு செய்திகள். ஏழும் ஒரே ஆளிடமிருந்து. வெளியூரில் இருக்கும் அத்தைக்காக, பீரங்கி பந்தை மேலே எறியும் நேரமாகப் பார்த்துக் கேலரியிலிருந்து ஒருவர் அனுப்பியவை. "இப்ப பாருங்க." "இப்ப பாருங்க." "இத பாருங்க."

சித்தப்பா, இது யார் தவறு என்று நான் எழுதப்போவதில்லை. போனை அணைக்காமல் உட்கார்ந்தது நான். பையில் அதிர்ந்தது கம்பத்துக்குப் போய், கம்பத்திலிருந்து வலைக்குள் ஓடும் கம்பிக்குப் போய், என் விரலுக்கு வந்திருக்கிறது. சிலந்தி சர்வ் போட்டபோது நீங்கள் ஒன்றுமே அனுப்பவில்லை. அவருடைய ஒரு பந்தும் வலையில் படாததற்கு அதுதான் காரணம்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கடிதமாக முடிந்திருக்கும்.

போனை அணைத்தேன். பீரங்கி சர்வ் போடும் அடுத்த ஆட்டம். பந்து மேலே போனது, அடித்தார், வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் என் முகத்தைக் கடந்து போனது. வலை கல் மாதிரி இருந்தது. விரலில் ஒன்றுமில்லை. "லெட்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்.

ஏன் என்று நிறைய யோசித்துவிட்டேன். எட்டாவதை விட்டுவிட்டால் முந்தைய ஏழும் கேள்விக்கு வரும் என்று தோன்றியது. அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசி நான்கும் முழுக்க என் சொந்தப் படைப்பு. பத்தாவதில் சிலந்தியே கையைத் தூக்கினார். "எனக்குச் சத்தமே கேக்கலையே தம்பி" என்றார். ஜெயித்துக்கொண்டிருப்பவர், கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவர். அவரிடமும் சாதித்தேன்.

பதினொன்றுக்குப் பிறகு பீரங்கி தோளைத் தடவிக்கொண்டார். பந்தை மேலே எறியவில்லை. கீழே விட்டு, இடுப்புக்குக் கீழிருந்து, குழந்தைக்குப் போடுவதுபோல் மெதுவாக ஒரு சர்வ் போட்டார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அப்போதுதான் நீங்கள் எழுந்து போனீர்கள். நான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, "அண்ணா, நீ சொன்னதுதான் சரி. அவன்கிட்ட சர்வே இல்ல" என்றீர்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் காலியான பிறகும் குடித்தேன்.

நேற்று சித்தி பேசினாள். "அஞ்சு மணிக்கே கோர்ட்டுக்கு ஓடுற மனுஷன்பா. இப்ப எட்டு மணி வரைக்கும் செவுத்தப் பாத்துப் படுத்திருக்காரு. மட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. கேட்டா, இத்தன வருஷமா தப்பான ஆளப் பாத்து ஆடிட்டேங்கறாரு."

நீங்கள் சரியான ஆளைத்தான் பார்த்தீர்கள். வலையை ஒட்டி உட்கார்ந்து இருவரையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சிலந்தியின் கை இன்னும் மென்மையாக இருக்கிறது, முட்டிதான் கேட்பதில்லை. குனிந்து எடுக்க வேண்டிய பந்துகளில் பாதி மட்டையின் விளிம்பில் பட்டுச் சிதறின. பீரங்கியின் சர்வுக்கு வயதாகவில்லை. காற்றில் ஒரு கோடு கிழிப்பது கேட்டது. அன்று இருவரில் பெரிய ஆட்டக்காரர் அவர்தான்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. வருகிற ஞாயிறு நீங்கள் வந்தால் போதும். நானே எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும், எண்ணிக்கையோடு சொல்லிவிடுகிறேன்.

பெரியவர்களிடம் ஆசி கேட்டு முடிப்பது வழக்கம். எனக்கு ஆசி வேண்டாம், இரண்டு வார்த்தை திட்டி எழுதுங்கள். சித்திக்கும் தங்கைக்கும் என் அன்பு.

தலை நிமிராத
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிப் பதினைந்து நாள் ஆகிறது. உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அப்பா படித்துவிட்டார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொறந்ததுலேர்ந்து அவன் எங்கிட்ட ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்டா. ஒரு வாரம் கழிச்சுப் போடேன்" என்றார். சரி என்றேன். வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம் கேட்டார். அதற்கும் சரி என்றேன். இன்று காலை என் அறை வாசல்வரை வந்தார், கேட்க வெட்கப்பட்டு, காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதனால் அவருக்குத் தெரியாமல் இதைப் போடுகிறேன். இந்த ஞாயிறு நான் எழுந்து எதுவும் சொல்லப்போவதில்லை. அப்பா தன் அலுவலக நண்பர்கள் மூன்று பேரைச் சாப்பிட அழைத்திருக்கிறார், நீங்கள் சொன்னதை அவர்களும் ஒருமுறை கேட்க வேண்டுமாம். கதவைத் திறக்கப்போவது அவர்தான். முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு வாருங்கள்.